மூணு சக்கரம்... மூணு பேர்... ஒரே கடிகாரம்!

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்துச் சாலை. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. சாலையோரம் ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கிறார். கொடி இல்லை, பந்தல் இல்லை, மைக் செட் இல்லை, வேடிக்கை பார்க்க ஈ, காக்கா இல்லை. ‘ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று...’ என்று அவர் எண்ணி முடித்ததும், முதுகில் நம்பர் குத்திய ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு பாய்கிறார். சரியாக ஒரு நிமிடம் கழித்து அடுத்தவர். அதற்கடுத்த நிமிடம் இன்னொருவர்.

இந்தப் பந்தயத்துக்கு ‘டைம் டிரையல்’ என்று பெயர். யாரும் யாரையும் துரத்துவதில்லை. எல்லோரும் துரத்துவது கடிகாரத்தை மட்டும்தான்.

இரண்டு சக்கர சைக்கிளில் வருபவர், கால் இரண்டையும் பெடலில் மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார். அவர் விழுந்துவிடாமல் சீட்டைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார். ஆனால், இந்த வரிசையில் வரும் சிலருக்கு மட்டும் அந்தப் பிடி தேவையில்லை. அவர்கள் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருப்பார்கள். காரணம், அவர்கள் வண்டிக்கு மூன்று சக்கரம்!

மூன்று சக்கர சைக்கிள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, வாசலில் குழந்தை ஓட்டும் வண்டி. இன்னொன்று, மூட்டையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிப் போகும் மீன்பாடி வண்டி. இதில் ரேஸா என்று சிரிப்பு வரலாம். ஆனால், பிரிட்டனில் இது நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். அந்த வண்டிக்கென்று தனிச் சங்கம் உண்டு, தனிச் சாதனைப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் ‘டீம் சாதனை’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் சில கிளப்காரர்கள் வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்கிறார்கள்.

மிரண்டது குதிரை, பிறந்தது பந்தயம்

இந்தக் கதை ஒரு குதிரையில் தொடங்குகிறது.

1890-களில் இங்கிலாந்துச் சாலைகளில் சைக்கிள் ரேஸ் விடுவது போலீஸுக்குப் பிடிக்காத விஷயம். கூட்டமாக வேகமாக வருகிறார்கள், குதிரைகள் மிரள்கின்றன என்று புகார் மேல் புகார். 1894 ஜூலையில் ‘கிரேட் நார்த் ரோடு’ என்ற நெடுஞ்சாலையில் அப்படி ஒரு ரேஸ் நடந்தபோது, ஒரு பெண்மணி ஓட்டிவந்த குதிரை வண்டியைச் சைக்கிள்காரர்கள் நெருங்க, குதிரை மிரள, சைக்கிள்காரர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். விவகாரம் போலீஸுக்குப் போனது. சாலைப் பந்தயத்துக்கே மூடுவிழா நடக்கும் நிலை.

அன்று அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எஃப்.டி. பிட்லேக். அவர் யோசித்தார். கூட்டமாகப் போனால்தானே பிரச்னை? ஒவ்வொருவராகத் தனித்தனியே அனுப்பி, ஆளாளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டால்? கூட்டமே இருக்காது. பார்ப்பவர்களுக்கு, யாரோ ஒருவர் அவசரமாக எங்கோ போகிறார் என்றுதான் தோன்றும். 1895 அக்டோபரில் ‘நார்த் ரோடு’ கிளப் 50 மைல் தூரத்துக்கு இந்த முறையில் ஒரு பந்தயம் நடத்தியது. அன்று தொடங்கியதுதான் டைம் டிரையல்.

அதன் பிறகு பல ஆண்டுகள் இந்தப் பந்தயங்கள் ஏறக்குறைய ரகசியமாகவே நடந்தன. விடியற்காலையில்தான் ஓட்டம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை. முன்கூட்டியே விளம்பரம் கூடாது. ஓடுபவர்களின் பட்டியலில் ‘ரகசியம்’ என்று அச்சடித்திருக்கும். எந்தச் சாலையில் பந்தயம் என்பதைக்கூட ஊர் பெயரில் சொல்லாமல், எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டில் சொல்வார்கள். கறுப்பு உடை போய் பளபளக்கும் ஸ்கின் சூட் வந்துவிட்டது. ஆனால், அந்தக் குறியீடும் விடிகாலைப் பழக்கமும் இன்றும் போகவில்லை.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. டைம் டிரையலுக்குத் தந்தை என்று கொண்டாடப்படும் பிட்லேக்குக்குப் பெயர் வாங்கித் தந்ததே மூன்று சக்கர சைக்கிள்தான். 1893-ல் லண்டன் ஹெர்ன் ஹில் மைதானத்தில் 24 மணி நேரத்தில் அவர் மூன்று சக்கரத்தில் ஓட்டிய தூரம் 410 மைல். கிட்டத்தட்ட 660 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிளம்பினால் திருநெல்வேலியைத் தாண்டிவிடலாம். அதுவும் அந்தக் காலத்து இரும்பு வண்டியில்!

மகாராணி வாங்கிய வண்டி

இந்த வண்டிக்கு ராஜ வம்சத்து உறவும் உண்டு.

1870-களில் சைக்கிள் என்றால் முன்னால் ஆளுயரச் சக்கரமும் பின்னால் குட்டிச் சக்கரமும் கொண்ட ‘பென்னி ஃபார்திங்’தான். அதில் ஏறுவதே சர்க்கஸ். தலைகுப்புற விழுந்தால் பல் மிஞ்சாது. நீண்ட பாவாடை அணிந்த பெண்களும் வயதானவர்களும் அதைத் தொடக்கூட முடியாது. அவர்களுக்காக வந்ததுதான் மூன்று சக்கர சைக்கிள்.

கோவன்ட்ரி நகரில் தையல் மெஷினும் சைக்கிளும் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்டார்லி இதில் கெட்டிக்காரர். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் வண்டி ஒன்றை அவரும் மகனும் ஓட்டிப் பார்த்தார்களாம். மகன் இளவட்டம், மிதி பலமாக விழுந்தது. அப்பா பக்கத்துச் சக்கரம் மெதுவாகச் சுற்ற, மகன் பக்கத்துச் சக்கரம் வேகமாகச் சுற்ற, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புதரில் கவிழ்ந்தது. அங்கேயே உட்கார்ந்து யோசித்ததில் பிறந்ததுதான் ‘டிஃபரன்ஷியல்’ என்று ஒரு கதை சொல்வார்கள்.

கதை எப்படியோ, 1877-ல் ஸ்டார்லி தன் வண்டியில் அந்தப் பல்சக்கர அமைப்பைக் கொண்டுவந்தது நிஜம். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டினால் வண்டி அடம்பிடிக்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்வதுதான் டிஃபரன்ஷியல். இன்று நம் ஊர் ஆட்டோ முதல் லாரி வரை எல்லாவற்றிலும் இதே தத்துவம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

1881-ல் விக்டோரியா மகாராணியே ஸ்டார்லியின் ‘சால்வோ’ வண்டிக்கு ஆர்டர் கொடுத்தார். அதிலிருந்து அது ‘ராயல் சால்வோ’ ஆனது. அதே ஆண்டு ஸ்டார்லி காலமானார். கோவன்ட்ரியில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இன்றும் நிற்கிறது. நான்கே ஆண்டுகளில் அவருடைய உறவினர் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் அசல் வடிவம் அது. ஒரு ஸ்டார்லி வளர்த்த மூன்று சக்கரத்தை இன்னொரு ஸ்டார்லியின் இரண்டு சக்கரம் ஓரங்கட்டிவிட்டது.

ஆனாலும், சிலர் விடவில்லை. 1928-ல் மூன்று சக்கரக்காரர்கள் தங்களுக்கென்று ‘டிரைசைக்கிள் அசோசியேஷன்’ தொடங்கினார்கள். அவர்கள் வண்டிக்கு மற்ற சைக்கிள்காரர்கள் வைத்த செல்லப் பெயர் ‘பாரோ’. அதாவது, தள்ளுவண்டி! கிண்டலாக வந்த பெயரை இவர்கள் பெருமையாகவே வைத்துக்கொண்டார்கள்.

விழாத வண்டிதான், ஆனால் கவிழும்!

‘மூணு சக்கரம்தானே, விழாதே, அப்புறம் என்ன கஷ்டம்?’

நன்றாகச் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒருவரை முதல்முறையாக இதில் ஏற்றிவிட்டுப் பாருங்கள். பத்தே அடியில் வண்டி சாலையோரப் பள்ளத்தை நோக்கிப் போகும். இரண்டு சக்கரத்தில் திரும்புவதற்கு நாம் நம்மையறியாமல் வண்டியைச் சாய்க்கிறோம். இந்த வண்டி சாயாது. ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் திரும்பும். பல வருடம் பழகிய உடம்பு சாய்க்கப் பார்க்கும், வண்டி அடம்பிடிக்கும், நேராகப் போய் வேலியில் முட்டும். சைக்கிளே தெரியாதவர் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். தெரிந்தவர்தான் தெரிந்ததை மறக்க வேண்டும்.

அடுத்தது, சாலை. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி, ஓரங்களில் சரித்துத்தான் போடுவார்கள். இரண்டு சக்கரம் அதைக் கண்டுகொள்ளாது. மூன்று சக்கரம் அப்படியே சரிந்து நிற்கும். இடதுபுறமாகப் போகும் வண்டியை அந்தச் சரிவு விடாமல் இடதுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இதைச் சமாளிக்கவே பல வண்டிகளில் செயினின் சக்தியைப் பின்பக்க இடது சக்கரத்துக்கு மட்டும் கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் தள்ளும்போது வண்டி கொஞ்சம் வலதுபக்கம் திரும்பப் பார்க்கும். சரிவின் இழுப்பும் இதன் தள்ளலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

மூன்றாவதாக, வளைவு. சாயாத வண்டி வளைவில் வேகமாகத் திரும்பினால் வெளிப்பக்கம் கவிழும். வேகம் இரண்டு மடங்கானால் கவிழ்க்கும் விசை நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தால் கவிழாது, ஆனால் நேரம் போய்விடும். எனவே, ஓட்டுபவர் தன் உடம்பையே எடைக்கல்லாக்குகிறார். சீட்டிலிருந்து எழுந்து, இடுப்பை உள்பக்கச் சக்கரத்துக்கு மேலே தொங்கவிட்டு, தலை கிட்டத்தட்ட டயரைத் தொடும் அளவுக்கு வளைகிறார்.

பெரும்பாலான டைம் டிரையலில் போகும் வழியும் திரும்பும் வழியும் ஒரே சாலைதான். நடுவில் ஒரு ரவுண்டானாவைச் சுற்றித் திரும்ப வேண்டும். நுழையும்போது இடதுபக்கம் தொங்க வேண்டும். சுற்றும்போது உடம்பைத் தூக்கி வலதுபக்கம் போட வேண்டும். வெளியேறும்போது மறுபடியும் இடது. இத்தனையும் சில விநாடிகளில், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது நடக்க வேண்டும். இடதுபக்கம் திரும்புகையில் உள்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் போச்சு. சக்தி போகும் சக்கரமே அதுதான் என்பதால் பெடல் வெறுமனே சுற்றும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு சக்கரம் சாலையில் போடுவது ஒரே தடம். பள்ளம் வந்தால் ஒதுங்கிப் போகலாம். இது போடுவது மூன்று தடம். முன்சக்கரத்தைப் பள்ளத்திலிருந்து தப்பிக்க வைத்தால் பின்சக்கரம் ஒன்று அதில் இறங்கும். டயரும் ஒன்று கூடுதல், பஞ்சராகும் வாய்ப்பும் கூடுதல்.

மூன்று பேரின் கணக்கு

இவ்வளவு தொல்லையும் ஒரு ஆளுக்கு. டீம் சாதனை என்றால் மூன்று ஆளுக்கு.

கணக்கு எளிமையானது. ஒரே பந்தயத்தில், ஒரே கிளப்பைச் சேர்ந்த மூன்று பேரின் நேரத்தைக் கூட்ட வேண்டும். பழைய சாதனையைவிட அந்தக் கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் புது சாதனை. 10, 25, 50, 100 மைல் என்று ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனிப் பட்டியல். 12 மணி, 24 மணி நேரப் பந்தயங்களில் மட்டும் நேரத்துக்குப் பதிலாக மூவரும் ஓட்டிய தூரத்தைக் கூட்டுவார்கள்.

ஒரு பேச்சுக்கு, 25 மைலுக்கு மூவரின் பழைய சாதனை 3 மணி 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் 1 மணி 1 நிமிடத்தில் வருகிறார். இரண்டாவது ஆள் 1 மணி 3 நிமிடம். மூன்றாவது ஆள் 1 மணி 6 நிமிடத்துக்குள் வந்தே ஆக வேண்டும். அவர் ஒரு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் மற்ற இருவரின் உழைப்பும் அன்றைக்கு வெறும் உடற்பயிற்சிதான்.

இதில் கொடுமை என்னவென்றால், ஒருவருக்கொருவர் உதவவும் முடியாது. வேறு வகைச் சைக்கிள் பந்தயங்களில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போய் காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்வார்கள். இங்கே அது விதிமீறல். இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார்கள். முன்னால் போனவரைப் பிடித்துவிட்டாலும் அவர் நிழலில் தங்கக்கூடாது, தாண்டிப் போய்விட வேண்டும். ஒரு டீமாகத்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியில், சாலையின் அந்தப் பக்கம் மூன்று சக்கரம் ஒன்று கடந்து போவது கண்ணில் பட்டால் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும்: ‘எந்த இடத்துல பார்த்தேன்? அப்ப எத்தனை நிமிஷம் வித்தியாசம்?’ அவ்வளவுதான் தகவல் தொடர்பு.

மூன்று பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. மூன்று சக்கரத்தில் வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் நாடு முழுவதும் கொஞ்சம் பேர்தான். ஒரே கிளப்பில் மூவர் அமைவது அபூர்வம். அமைந்தாலும் மூவருக்கும் ஒரே நாளில் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். மூவருடைய ஒன்பது டயரும் பஞ்சராகாமல் இருக்க வேண்டும். மழை, எதிர்க்காற்று எதுவும் வரக் கூடாது. ஒரு சீசன் தவறினால் மூவரில் ஒருவருக்கு இடமாற்றம் வரும், இன்னொருவருக்கு முட்டிவலி வரும். மறுபடி மூன்றாவது ஆளைத் தேட வேண்டும். அதனால்தான், இரண்டு சக்கரத்தில் நன்றாக ஓட்டும் நண்பரைப் பார்த்து, ‘ஒரே ஒரு சீசன், என் பழைய வண்டியைத் தர்றேன்’ என்று கெஞ்சுவதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதி.

வேகமான சாலையின் விலை

நல்ல நேரம் வேண்டுமென்றால் நல்ல சாலை வேண்டும். நேரான, ஏற்ற இறக்கம் குறைந்த, அகலமான சாலை. அப்படிப்பட்ட சாலை கார்களுக்கும் லாரிகளுக்கும் பிடித்தமானது. இன்னும் சொல்லப்போனால், பக்கத்தில் பாய்ந்து போகும் லாரி இழுத்துவிடும் காற்று, சைக்கிள்காரரின் நேரத்தைச் சில விநாடிகள் குறைக்கவும் செய்யும். போக்குவரத்து கூடினால் வேகம் கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது. சாதனைக்கு ஏற்ற சாலையா, பத்திரமான சாலையா என்பது இந்தக் கிளப்புகளில் தீராத விவாதம். வீட்டில் காத்திருக்கும் மனைவிக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அது விவாதமல்ல, கவலை. அகலமான பின் அச்சோடு போகும் வண்டியைச் சில டிரைவர்கள் சரியாகக் கணிக்காமல் உரசிக்கொண்டு போவார்கள் என்ற பயம் எப்போதும் உண்டு.

பிட்லேக்கின் முடிவும் சாலையில்தான் எழுதப்பட்டது. 1933-ல் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி, சில வாரங்களில் அவர் இறந்தார். வயது 66. கிரேட் நார்த் ரோடு ஓரமாக, பெட்ஃபோர்டுஷயரில் அவர் நினைவாகச் சைக்கிள்காரர்கள் ஒரு சிறிய தோட்டம் அமைத்தார்கள். அவர் பெயரால் ஆண்டுதோறும் ஒரு விருதும் கொடுக்கிறார்கள்.

நாட்டின் இந்த முனை முதல் அந்த முனை வரை

டைம் டிரையலைத் தாண்டி இன்னொரு வகைச் சாதனையும் உண்டு. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தனியாக ஓட்டுவது. இந்தச் சாதனைகளை 1888 முதல் ‘ரோடு ரெகார்ட்ஸ் அசோசியேஷன்’ பதிவு செய்துவருகிறது. அதில் எல்லோரும் கனவு காண்பது, பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனையான ஜான் ஓ’குரோட்ஸ் வரை. சுமார் 1,350 கிலோமீட்டர்.

1886-ல் ஜி.பி. மில்ஸ் என்ற 19 வயது இளைஞர் இதைப் பென்னி ஃபார்திங்கில் 5 நாள் 1 மணி 45 நிமிடத்தில் முடித்தார். அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு மூன்று சக்கரத்திலும் கிளம்பி, 5 நாள் 10 மணி நேரத்தில் முடித்தார். 106 ஆண்டுகள் கழித்து, 1992 ஆகஸ்ட்டில் ரால்ஃப் டாட்ஸ்வெல் மூன்று சக்கரத்தில் அதே தூரத்தைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் 2 நாள் 5 மணி 29 நிமிடம் 1 விநாடி. சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்தும் மணிக்குச் சராசரியாக 25 கிலோமீட்டர். அந்த ‘1 விநாடி’யைக்கூட விடாமல் குறித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் இந்த ஆட்களின் குணம்.

யாருக்காக இந்த வண்டி?

மூன்று சக்கரத்துக்கு வருபவர்கள் எல்லோரும் சாதனைக்காக வருவதில்லை. சாலையில் பனி உறைந்து வழுக்கும் குளிர்காலத்தில் விழாமல் ஓட்டலாம் என்று சிலர். வயதாகி, இரண்டு சக்கரத்தில் தடுமாற்றம் வந்த பிறகும் சைக்கிளை விட மனமில்லாத சிலர். நோயாலோ விபத்தாலோ உடல் சமநிலையை இழந்து, ‘இனி சைக்கிள் அவ்வளவுதான்’ என்று நினைத்தவர்கள் சிலர். அவர்களுக்கு மூன்றாவது சக்கரம் என்பது இன்னொரு வாய்ப்பு. மெதுவாக ஓட்ட ஆரம்பித்து, தெம்பு வந்ததும் ‘ஒரு 10 மைல் பார்த்துடலாமா?’ என்று முதுகில் நம்பரைக் குத்திக்கொண்டு வந்துவிடுவார்கள்.

டைம் டிரையலின் அழகே அதுதான். ஆணும் பெண்ணும், இளைஞரும் தாத்தாவும் ஒரே காலையில், ஒரே சாலையில் ஓட்டலாம். 1967-ல் 12 மணி நேரப் பந்தயம் ஒன்றில், பெரில் பர்ட்டன் என்ற பெண், அன்று ஆண்களில் முதலாவதாக வந்த மைக் மெக்னமாராவைச் சாலையிலேயே தாண்டிப் போனார். தாண்டும்போது அவருக்கு ஒரு மிட்டாய் நீட்டினார். பெரில் ஓட்டியது 277.25 மைல். அது ஆண்களின் சாதனையையும் மிஞ்சியது. அவர் ஓட்டியது இரண்டு சக்கரம்தான். ஆனாலும், இந்த விளையாட்டில் எதிராளி யார் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. எதிராளி கடிகாரம். பக்கத்தில் வருபவருக்கு மிட்டாய் கொடுக்கலாம்!

டீயும் கேக்கும் ஒரு பலகையும்

பந்தயம் முடிந்ததும் எல்லோரும் கூடும் இடம், அந்த ஊரின் சமுதாயக் கூடம். கிளப்காரர்களின் வீட்டுப் பெண்களும் ஆண்களும் டீ போட்டு, வீட்டில் செய்த கேக்கை வெட்டி வைத்திருப்பார்கள். சுவரோரம் ஒரு பலகை. ஒவ்வொருவரும் வந்து சேர்ந்த நேரத்தை ஒருவர் அதில் எழுதிக்கொண்டே இருப்பார். பரிசுத் தொகை என்று பெரிதாக எதுவும் கிடையாது. டிவி கேமரா வராது. மறுநாள் பேப்பரில் பெயர் வருவதும் சந்தேகம்தான்.

முதல் ஆளின் நேரம் எழுதப்படுகிறது. நல்ல நேரம். இரண்டாம் ஆள். அதுவும் பரவாயில்லை. கையில் டீ கப்போடு இருவரும் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வியர்வை காயாத முகத்தோடு மூன்றாவது ஆள் உள்ளே வருகிறார். வரும்போதே அவருக்குத் தெரியும், திரும்பும் வழியில் காற்று எதிராக அடித்ததும், ரவுண்டானாவில் பெடல் ஒருமுறை வெறுமனே சுற்றியதும்.

பலகையில் மூன்றாவது நேரமும் ஏறுகிறது. ஒருவர் மூன்றையும் கூட்டுகிறார். இன்னொருவர் சரிபார்க்கிறார்.

பல ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாதனை சில விநாடிகளில் தப்பித்துவிடும். அப்போது மூன்றாவது ஆளை யாரும் குறை சொல்வதில்லை. ஏனென்றால், போன முறை மூன்றாவது ஆள் வேறொருவர். அடுத்த முறை யாராகவும் இருக்கலாம். ஒருவர் அவர் கையில் டீயைக் கொடுப்பார். இன்னொருவர் கேக் தட்டை நகர்த்துவார். மூன்று வண்டியையும் காரில் ஏற்றுவது ஒரு தனி வித்தை, பின் அச்சைக் கழற்றினால்தான் அடங்கும். ஸ்பானரைத் திருகிக்கொண்டே ஒருவர் கேட்பார்:

“அடுத்தது எந்த ஞாயிறு?”